விழித்திரைப் படத்தின் தெளிவும் இயந்திரத்தின் தீர்ப்பும்

சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கணினியே படம் பார்த்துச் சொல்லும் முறை மதுரையில் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணினி எவ்வளவு நுட்பமானது என்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதன் முன் வைக்கப்படும் படம் எப்படி எடுக்கப்படுகிறது, எத்தனை படங்கள் பயன்படாமல் போகின்றன, அப்படிப் போன படங்களுக்குரியவர்கள் பிறகு என்ன ஆகிறார்கள் என்பது பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைத் தாண்டி அமைந்துள்ள கொட்டாம்பட்டி போன்ற ஒன்றியங்களில் வாழ்பவர்களுக்கு இந்த இரண்டாவது செய்தியே முக்கியமானது. ஏனென்றால் விழித்திரை மருத்துவர் நகரத்தில் இருக்க, கேமரா மட்டும் ஊருக்கு வரும் ஏற்பாட்டில், மருத்துவரிடம் போய்ச் சேருவது நோயாளியின் கண் அல்ல, அந்தக் கண்ணின் படமே.

கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கிக்கொள்ளும் மெல்லிய படலம் விழித்திரை. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருக்கும்போது அந்தப் படலத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வலுவிழந்து, முதலில் ஊசிமுனை போன்ற சிறு வீக்கங்களாகப் புடைக்கின்றன. பிறகு அவற்றிலிருந்து ரத்தமும் கொழுப்பும் கசிகின்றன. முற்றிய நிலையில் ரத்த ஓட்டம் குறைந்த பகுதிகளுக்கு உணவூட்டப் புதிய குழாய்கள் ஒழுங்கின்றி முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டிப் பார்வை போகிறது. இதில் கொடுமை என்னவென்றால், கடைசிக் கட்டத்துக்கு முன்பு வரை நோயாளிக்கு வலியும் இல்லை, பார்வைக் குறைவும் பெரும்பாலும் இல்லை. லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் பார்வையைக் காப்பாற்றக் கூடியவை, ஆனால் இழந்த பார்வையை மீட்பதில் அவற்றின் ஆற்றல் குறைவு. ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் குறை தெரியாத காலத்திலேயே ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவ உலகம் வற்புறுத்துகிறது.

அந்த வற்புறுத்தலை நிறைவேற்றுவது எளிதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேர். இத்தனை பேரையும் ஆண்டுதோறும் பார்க்கக் கண் மருத்துவர்களே போதமாட்டார்கள் எனும்போது, விழித்திரையை மட்டுமே தனித்துறையாகப் பயின்ற மருத்துவர்கள் எங்கே போதுவார்கள்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. மாத்திரையைப் போல விழித்திரைப் பரிசோதனையைப் பைக்குள் எடுத்துச் செல்ல முடியாது என்பதால், படத்தை ஊரில் எடுத்து முடிவை வேறிடத்தில் சொல்லும் வழி தேடப்பட்டது.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வழியில் முன்னோடி. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து இரண்டாண்டுகள் பயிற்றுவித்துக் கண் பணியாளர்களாக்கிய இந்த நிறுவனம், சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்து, அங்கிருக்கும் பணியாளர் சோதித்ததைத் தொலைவிலுள்ள மருத்துவர் இணையம் வழியே பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாட்டை இருபதாண்டுகளாக நடத்திவருகிறது. எனவே கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு நிரலைப் பயிற்றுவிக்க முற்பட்டபோது, அமெரிக்காவின் ஐபேக்ஸ் என்னும் விழித்திரைப் பரிசோதனைத் திட்டத்தோடு அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதற்குப் பயன்பட்டது இயல்பான ஒன்றே. 2016 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வில் 1,28,175 படங்கள் பயிற்சிக்குப் பயன்பட்டன. அவற்றை 54 கண் மருத்துவர்கள், ஒவ்வொரு படத்துக்கும் மூவர் முதல் எழுவர் வரையாகப் பார்த்துத் தரம் பிரித்திருந்தார்கள்.

பயிற்சி பெற்ற நிரல் நேரடியாக நோயாளிகளிடம் எப்படி வேலை செய்கிறது என்பதை அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளைக் கொண்டு சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். மிதமான பாதிப்போ அதற்கு மேலோ உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்ற அளவில் அரவிந்தில் 88.9 சதவீதமும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதமும் கிடைத்தன. அத்தகைய பாதிப்பு இல்லாதவர்களைச் சரியாக விலக்கியதில் முறையே 92.2, 95.2 சதவீதம். அதே படங்களைப் பார்த்த மனிதர்கள் பிடித்தது 73.4 முதல் 89.8 சதவீதம் வரை. அந்த ஆண்டிலேயே மதுரை அரவிந்தில் இந்த நிரல் அன்றாடச் சேவையில் சேர்ந்தது. 2019 முதல் 2023 நடுப்பகுதி வரை தமிழகத்தின் 45 இடங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் வழியே பரிசோதிக்கப்பட்டார்கள் என்றும், அவர்களில் ஒரு பகுதியினரின் படங்களை வல்லுநர்கள் மீண்டும் பார்த்தபோது கடுமையான பாதிப்பைப் பிடிப்பதில் நிரல் 97 சதவீதத் திறனைக் காட்டியது என்றும் 2025இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இவை பெருமைக்குரிய எண்கள்; மதுரை மண்ணில் விளைந்தவை என்பது கூடுதல் பெருமை.

ஆனால் இத்தகைய எண்களைப் படிக்கும்போது, அவை எந்தப் படங்களின் மீது கணக்கிடப்பட்டவை என்று கேட்டே ஆக வேண்டும். படத்தைப் பார்ப்பவர், அது மனிதரானாலும் நிரலானாலும், நோயின் அளவைச் சொல்வதற்கு முன்பு இந்தப் படத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்று தீர்மானிக்கிறார். சொல்ல முடியும் என்றால் அது தரம்பிரிக்கத்தக்க படம். இல்லையென்றால் தரம்பிரிக்க இயலாத படம். ஓர் ஆய்வு பின்னதை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றின் மீது மட்டும் சதவீதம் கணக்கிட்டால், அந்தச் சதவீதம் பொய்யல்ல என்றாலும், அது கேமராவின் முன் அமர்ந்த எல்லோரையும் பற்றியதாகாது. நோய் உண்மையிலேயே உள்ள 100 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். 20 பேரின் படம் தெளிவில்லை. மற்ற 80 பேரில் 90 சதவீதத்தை நிரல் பிடிக்கிறது. பிடிபடுபவர்கள் 72 பேர். தெளிவில்லாத 20 பேரும் கட்டாயம் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தால் பலன் 92 ஆக உயர்கிறது. அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் 72இலேயே நின்றுவிடுகிறது. இரண்டு நிலையிலும் அறிக்கையில் அச்சாகும் எண் 90 தான்.

அந்த இருபது பேர் தற்செயலாக அமைபவர்களும் அல்லர், இதுவே முழுச் சிக்கலின் மையம். விழித்திரைக் கேமரா கண்பாவை என்னும் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்தி, அதே துளை வழியே திரும்பும் ஒளியைப் படமாக்குகிறது. அந்தத் துளை சுமார் நான்கு மில்லிமீட்டர் விரிந்திருந்தால்தான், மருந்து விடாமல் எடுக்கும் கேமராவில் விளிம்பு வரை வெளிச்சம் சீராகப் பரவும். வயது ஏற ஏறக் கண்பாவை சுருங்குகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோய் தன்னியக்க நரம்புகளைத் தாக்கி, இருட்டிலும் அது விரியாமல் செய்கிறது. கண்புரையோ ஒளி போகும் வழியிலேயே மூடுபனியாக நிற்கிறது. அதாவது முதியவர்கள், பல ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழ்பவர்கள், புரை முற்றியவர்கள் ஆகியோரின் படங்களே மற்றவர்களுடையதைவிட அதிகமாகக் கெடுகின்றன. விழித்திரை நோய் மிகுந்திருக்க வாய்ப்புள்ளவர்களும் இவர்களே. கண்ணுக்குள் ஏற்கெனவே ரத்தம் கசிந்தவரின் படமும் மங்கலாகவே வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், படம் தெளிவில்லை என்ற முடிவே ஓர் அபாய அறிகுறி என்பது விளங்கும். அதை வெறும் தொழில்நுட்பக் கோளாறாகப் பதிவு செய்து அடுத்தவரை அழைப்பது மருத்துவத்துக்கு ஒவ்வாத செயல்.

கண்ணைச் சார்ந்த இந்தக் காரணங்களோடு அறையைச் சார்ந்தவையும் உண்டு. சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையோரம் நடந்து வந்தவர் உடனே கேமராவின் முன் அமர்ந்தால், அவருடைய கண்பாவை விரியச் சில நிமிட இருட்டு வேண்டும். முகாம் நடக்கும் பள்ளிக்கூட வகுப்பறையிலோ சமுதாயக் கூடத்திலோ அந்த இருட்டை உண்டாக்குவதே பெரும்பாடு. குவியம் பார்ப்பதற்குக் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால் பாவை அப்போது சுருங்குவதில்லை; ஆனால் படம் எடுக்கும் கணத்தில் மின்னும் வெள்ளொளி பட்டதும் இரு கண்களின் பாவைகளும் சுருங்கிவிடுகின்றன. முதல் கண்ணை எடுத்தபின் பொறுத்திருந்து இரண்டாவதை எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வரிசை நீளமாக இருக்கும் நாளில் அந்தப் பொறுமைதான் முதலில் கைவிடப்படுகிறது. தாடை வைக்கும் இடத்தில் முகம் சற்றே விலகினால் படத்தின் ஓரத்தில் பிறை வடிவில் வெண்மூட்டம் படியும். இமை சரியாகத் திறக்காவிட்டால் மேற்பகுதி இருளும். வில்லையில் ஒட்டிய தூசி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் புள்ளியாக விழும்.

படக் குறைகள் இருவகைப்படும். ஒன்று, படம் முழுவதையும் கெடுத்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது. நிரல் அதை ஏற்க மறுத்துவிடும், நோயாளியும் மறுபடி பார்க்கப்படுவார். மற்றொன்று, படம் நன்றாக இருப்பதாகத் தோன்றச் செய்துகொண்டே நோயின் அடையாளத்தை மட்டும் அழிப்பது. இரண்டாவதுதான் அஞ்சத்தக்கது. முதல்நிலைப் பாதிப்பின் அடையாளமான நுண்வீக்கங்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை. 45 பாகைக் கோணம் கொண்ட வழக்கமான படத்தில் விழித்திரையின் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் அகலம் அடங்குகிறது. அந்தப் படத்தை நிரலுக்காக ஒரு பக்கத்துக்கு 299 புள்ளிகளாகச் சுருக்கினால், ஒரு புள்ளி சுமார் 45 மைக்ரான் அகலத்தை, அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 45 பங்கைக் குறிக்கும். நுண்வீக்கம் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் கரைந்துவிடும் என்று பொருள். தொடக்க கால நிரலில் 299 ஆக இருந்த அளவை 2018இல் வெளியான மேம்பட்ட வடிவத்தில் கூகுள் ஆய்வாளர்கள் 779 ஆக உயர்த்தியதற்கு இந்தக் கணக்கு ஒரு விளக்கம்: இப்போது ஒரு புள்ளி 17 மைக்ரான் அளவுக்கு இறங்குகிறது. ஆனால் நிரல் எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும், குவியம் சற்றே தவறிய படத்தில் நுண்வீக்கம் ஏற்கெனவே மறைந்துபோயிருக்கும். பிடிக்கப்படாத விவரத்தை எந்தக் கணிதமும் திருப்பித் தராது.

அதே 2018 ஆய்வு மருத்துவர்களையும் சோதித்தது. தனித்தனியாகப் பார்த்துப் பெரும்பான்மையால் சொல்லப்பட்ட முடிவும், விழித்திரை வல்லுநர்கள் கூடி விவாதித்துச் சொன்ன முடிவும் வேறுபட்ட இடங்களை ஆராய்ந்தபோது, 36 சதவீதத்தில் நுண்வீக்கங்கள் தவறவிடப்பட்டிருந்தன. 20 சதவீதத்தில் தூசி, ஒளித்தெறிப்பு போன்ற படக்கறைகள் குழப்பத்துக்குக் காரணமாக இருந்தன. கறையை நோயென்றும் நோயைக் கறையென்றும் கொள்வது மனிதக் கண்ணுக்கும் நேர்கிறது என்றால், அந்த மனிதர்களின் தீர்ப்பைப் பார்த்தே கற்றுக்கொண்ட நிரலுக்கு நேர்வதில் வியப்பில்லை.

படத்தரம் ஒரு திட்டத்தையே எப்படித் திணறடிக்கும் என்பதற்கு இன்றுவரை தெளிவான சான்று தாய்லாந்தில்தான் கிடைத்திருக்கிறது. பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களின் 11 மருத்துவ நிலையங்களில் இதே கூகுள் நிரல் பயன்படுத்தப்பட்டதை அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே நேரில் கவனித்து 2020இல் எழுதினார்கள். தம் கருவியின் குறையைத் தாமே வெளியிட்ட அந்த நேர்மை மதிக்கத்தக்கது. முதல் ஆறு மாதங்களில் நிரலுக்குக் கொடுக்கப்பட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது ஏற்கவில்லை. இருட்டாக்கக்கூடிய தனியறை இரண்டே நிலையங்களில் இருந்தது. செவிலியர் கண்ணால் பார்த்துத் தெளிவென்று கருதிய படங்களையும் நிரல் மறுத்ததால் மீண்டும் மீண்டும் மின்னொளி அடிக்க வேண்டியிருந்தது, நோயாளிகள் சோர்ந்தார்கள். சில இடங்களில் ஒவ்வொரு படமும் இணையம் வழியே சென்று சேர 60 முதல் 90 நொடிகள் ஆயின. படம் மறுக்கப்பட்டவர்களை இன்னொரு நாள் தொலைவிலுள்ள மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டியிருந்தது. வேலையையும் பயணச் செலவையும் எண்ணி அவர்கள் போகத் தயங்கினார்கள். பின்னர் அந்நாட்டிலேயே ஒன்பது நிலையங்களில் 7,651 பேரிடம் நடந்து 2022இல் வெளியான விரிவான ஆய்வில் நிரல் 94.7 சதவீதத் துல்லியம் காட்டியது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கையில் தெரிவது இதுதான்: படம் அமைந்துவிட்டால் நிரல் நம்பத்தக்கது, படம் அமைவது நிரலின் கையில் இல்லை.

படம் அமைய மிகப் பழைய, மிக மலிவான வழி ஒன்று இருக்கிறது: கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷர் மாவட்டத்தில் 3,611 நோயாளிகளிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், மருந்து விடாமல் எடுத்தபோது 19.7 சதவீதத்தினரின் படங்கள் பயன்படவில்லை. மருந்து விட்டு எடுத்தபோது அது 3.7 ஆகக் குறைந்தது. இங்கிலாந்தின் தேசியத் திட்டம் எல்லோருக்கும் மருந்து விட்டே படமெடுக்கிறது; ஸ்காட்லாந்து முதலில் மருந்தின்றி எடுத்துப் பார்த்து, தெளிவில்லாதவர்களுக்கு மட்டும் விடுகிறது. அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் அரசு ஒப்புதல் பெற்ற ஐடிஎக்ஸ் என்னும் தானியங்கி முறையும் இந்த இரண்டாவது வழியையே பின்பற்றி, தனது சோதனையில் 96 சதவீதத்தினரிடம் முடிவு சொல்லத்தக்க படங்களைப் பெற்றது. தமிழகத்துக்குப் பொருந்துவதும் ஸ்காட்லாந்து வழியே எனத் தோன்றுகிறது. எல்லோருக்கும் மருந்து விட்டால் கூட்டம் நகராது, பார்வை மங்கலாக இருக்கும் நேரத்தில் பேருந்தேறி வீடு திரும்ப முடியாமல் பலர் வராமலே இருந்துவிடுவார்கள். யாருக்குமே விடாவிட்டாலோ ஐந்தில் ஒருவர் கைவிடப்படுவார்.

கேமராவின் வகையும் கணக்கில் சேர வேண்டியது. சென்னையில் டாக்டர் மோகன் நீரிழிவு மருத்துவமனையில் கைப்பேசியோடு இணைந்த ரெமிடியோ கேமராவால் எடுத்த படங்களை ஐஆர்ட் என்னும் வேறொரு நிரலிடம் கொடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையைப் பறிக்கக்கூடிய நிலையிலிருந்தவர்களில் 99.1 சதவீதத்தினர் பிடிபட்டார்கள். ஆனால் அந்நிலையில் இல்லாதவர்களைச் சரியாக விலக்கும் திறன் 80.4 சதவீதமே. அதாவது அத்தகையவர்களில் ஐந்தில் ஒருவர் தேவையின்றி மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படுவார். சிறிய, மலிவான கேமரா ஊருக்குள் வர முடியும் என்பதால் இந்த விலை கொடுக்கத்தக்கதாகவே படுகிறது. ஒரு வகைக் கேமராவின் படங்களில் கற்ற நிரல் மற்றொரு வகையில் தடுமாறலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அரவிந்தின் படங்களைக் கொண்டு 2019இல் இணையத்தில் நடந்த உலகளாவிய நிரல் போட்டியில், பயிற்சிக்குத் தரப்பட்ட 3,662 படங்கள் பல இடங்களில், பலவகைக் கேமராக்களால் எடுக்கப்பட்டவை. குவியம் தவறியவையும் இருண்டவையும் வெளுத்தவையும் அவற்றில் உண்டு என்று அமைப்பாளர்களே அறிவித்திருந்தார்கள். செப்பனிட்ட படங்களை மட்டும் கொடுக்காமல் களத்தின் கரடுமுரடை அப்படியே கொடுத்தது சரியான முடிவு.

தெளிவில்லாத படத்தை உடனுக்குடன், நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே, இணையமில்லாமல் கேமராவிலேயே கண்டு சொல்லும் நிரல்கள் இப்போது வந்துவிட்டன. விழித்திரை மையத்தைச் சுற்றியுள்ள மெல்லிய குழாய்கள் தெரிகின்றனவா, பார்வை நரம்பு தொடங்கும் வட்டம் சட்டகத்துக்குள் இருக்கிறதா என்று அவை பார்க்கின்றன. நோயைக் கண்டுபிடிக்கும் நிரலைவிட, களத்தில் இவற்றின் பயன் பெரிது என்று சொல்வதில் மிகையில்லை. இன்று மறுபடி எடுக்கும் படத்துக்கும் அடுத்த மாதம் மீண்டும் வரச் சொல்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, கொட்டாம்பட்டி ஒன்றியத்தின் உட்கிராமத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் வருமானம். பல சமயங்களில் அது பரிசோதனையே நடப்பதற்கும் நடக்காமல் போவதற்கும் உள்ள வேறுபாடும்கூட.

கருவி எதுவானாலும் அதைப் பிடித்திருக்கும் கையை நம்பியே படம் அமைகிறது. தாடையைச் சரியாக வைக்கச் சொல்வதும், இமையை மெல்ல உயர்த்திப் பிடிப்பதும், பச்சை விளக்கைப் பாருங்கள் என்று பேச்சுக் கொடுத்தே கண்ணை அசையாமல் நிறுத்துவதும், மூட்டம் புரையால் வந்ததா தூரம் தவறியதால் வந்ததா என்று பிரித்தறிவதும் பழகிய பணியாளருக்கே கைவரும் திறன்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் பயிற்சி தேவையில்லை என்ற எண்ணம் திட்டமிடுவோரிடம் தலைதூக்குமானால் அது பெருந்தீங்காக முடியும். ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்குக் கேமரா வாங்கும்போது, அதை இயக்குபவருக்கான பயிற்சியும், சன்னலுக்குக் கருந்திரையும், வில்லை துடைக்கும் துணியும் அதே கோப்பில் இடம்பெற வேண்டும். மாதாந்திர அறிக்கையில் எத்தனை பேருக்கு நோய் என்ற எண்ணோடு எத்தனை பேரின் படம் அமையவில்லை, அவர்களில் எத்தனை பேர் மருத்துவரிடம் சென்றடைந்தார்கள் என்ற இரண்டு எண்களும் கேட்கப்பட வேண்டும். புரையால் படம் கெட்டவர்களுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு: அவர்களுக்குத் தேவைப்படும் புரை அறுவை சிகிச்சை மதுரை வட்டாரத்தில் எளிதாகக் கிடைப்பது, புரை நீங்கியபின் விழித்திரையும் தெளிவாகத் தெரியும்.

பரிசோதனைக்குச் செல்வோர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் சில. முடிவைப் பெறும்போது, இரண்டு கண்களின் படங்களும் தெளிவாக அமைந்தனவா என்று கேட்க வேண்டும். ஒரு கண்ணின் படம் மட்டும் அமைந்து அதில் பாதிப்பில்லை என்றால், மற்றக் கண் இன்னும் பார்க்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். பாவையை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும் என்பதால் இருசக்கர வாகனத்தை ஓட்டிக்கொண்டு வராமல் துணைக்கு ஒருவரை அழைத்து வருவதும், குடையோ கறுப்புக் கண்ணாடியோ எடுத்து வருவதும் நல்லது. கண்ணழுத்த நோய் இருப்பதாக முன்பே சொல்லப்பட்டவர்கள் சொட்டு மருந்து விடுவதற்கு முன் அதைத் தெரிவித்துவிட வேண்டும்.